வழக்கறிஞர் அங்கியிலிருந்து தூதரகம் வரை: பி. ஜி. லிம்மை முன்வைத்து நம் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

ஜார்ஜ்டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் 20 ஆண்டுகளுக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தேன். இப்போது சனிக்கிழமைகளில் பாகான் டாலாம் பக்கத்து ஆறாம் படிவ மாணவிகளுக்குப் படிப்பு விண்ணப்பங்களை நிரப்ப உதவுகிறேன். சட்டம் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளிடம் பி. ஜி. லிம்மைப் பற்றிச் சொல்லாமல் அனுப்புவதில்லை. சொன்ன உடனே கேள்விகள் வரும். பிள்ளைகளும் அவர்களுடைய அம்மாக்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே ஓர் இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பி. ஜி. லிம் யார் அக்கா? பள்ளியில் அவர் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லையே.

முழுப்பெயர் லிம் பைக் கான். பினாங்கில் வளர்ந்து, லைட் ஸ்திரீட் கான்வென்ட்டில் படித்து, கேம்பிரிட்ஜின் கிர்ட்டன் கல்லூரியில் சட்டம் பயின்றவர். பிறகு கோலாலம்பூரில் வழக்கறிஞராக நின்றார். தொழிற்சங்கங்களுக்காகவும் தூக்குத் தண்டனைக் கைதிகளுக்காகவும் வாதாடிப் பெயர் பெற்றார். 1970களில் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையில் மலேசியாவின் துணை நிரந்தரப் பிரதிநிதியாகவும், அதன் பின் யூகோஸ்லாவியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் ஆகியவற்றுக்குத் தூதராகவும் இருந்தார். மலேசியாவின் முதல் பெண் தூதர் என்று அவரைக் குறிப்பிடுவார்கள். 2013-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் காலமானார்.

பள்ளியில் அவர் பெயர் வராதது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அவர் படித்த கான்வென்ட்டின் கட்டடமும் பினாங்கு உயர் நீதிமன்றமும் அதே லைட் ஸ்திரீட்டில்தான் இருக்கின்றன. தினமும் அந்த வழியாக பஸ்ஸில் போகும் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டாமா?

அவர் சீனர். தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஏன் அவருடைய வாழ்க்கையைச் சொல்கிறீர்கள்?

ஒரு தகப்பனார் என்னிடம் நேராகவே கேட்ட கேள்வி இது. கூலிக்கும் வேலைப் பாதுகாப்புக்கும் போராடியவர்களின் பக்கம் நின்று வழக்காடிய பெண் அவர். நம் தாத்தா பாட்டிகள் தோட்டத்திலும் ரயில்வேயிலும் துறைமுகத்திலும் சங்கம் கட்டி உரிமை கேட்ட காலமும் அதுதான். அந்தக் காலத்தில் தொழிலாளியின் பக்கம் பேசிய ஒருவரை நம்மவர் இல்லை என்று ஒதுக்க எனக்கு மனம் வராது.

தமிழரில் முன்னோடி வேண்டும் என்றால் அவரும் இருக்கிறார். பத்து பஹாட்டில் வழக்கறிஞராக இருந்த எஸ். செல்வசிங்கம் மெக்கின்டயர், சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவில் நம் நாட்டின் ஹை கமிஷனராகப் பணியாற்றி, திரும்பி வந்து உயர் நீதிமன்ற நீதிபதியானார். நீதிமன்றத்திலிருந்து தூதரகத்துக்குப் போகும் பாதையில் நம்மவர் ஒருவர் அப்போதே நடந்துவிட்டார். அவர் ஆண் என்பதால்தான், பெண் பிள்ளைகளிடம் நான் லிம்மைப் பற்றிக் கூடுதலாகப் பேசுகிறேன்.

ஹை கமிஷனர், தூதர் இரண்டும் ஒன்றா?

வேலை ஒன்றுதான். காமன்வெல்த் நாடுகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்பவர் ஹை கமிஷனர். மற்ற நாடுகளுக்குப் போகிறவர் தூதர். ஆகவே லண்டனிலும் டில்லியிலும் நமக்கு ஹை கமிஷனர், பிரஸ்ஸல்ஸில் தூதர். ஐக்கிய நாடுகள் சபையில் நாட்டின் சார்பாக இருப்பவரை நிரந்தரப் பிரதிநிதி என்பார்கள்.

பணக்கார வீட்டுப் பெண் என்பதால்தானே இதெல்லாம் முடிந்தது?

வசதியான குடும்பம் என்பது உண்மை. தகப்பனார் லிம் செங் இயான் பினாங்கில் வழக்கறிஞர். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியான நீரிணைக் குடியேற்றங்களின் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் காலத்தில் கேம்பிரிட்ஜ் எட்டாக் கனி. இதை நான் மறைப்பதில்லை.

ஆனால் வசதி ஒருவரை லண்டன் வரை கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். திரும்பி வந்து யாருக்காக வாதாடுவது என்பதை அவரே தேர்ந்தெடுத்தார். நிலம், வாரிசு, கம்பெனி வழக்குகளை எடுத்துக்கொண்டு நிம்மதியாகச் சம்பாதித்திருக்க முடியும். அவர் போனது சங்கத் தொழிலாளிகளிடமும் தூக்குமேடைக்குக் காத்திருந்தவர்களிடமும். பினாங்கில் அவருக்கு முன்பே ஒரு பெண் வழி திறந்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பி. எச். ஊன் என்று அறியப்பட்ட லிம் பெங் ஹோங், 1926-இல் இங்கிலாந்தில் வழக்கறிஞராக ஏற்கப்பட்டவர். பிறகு மலாயாக் கூட்டரசின் சட்டமன்றத்தில் உறுப்பினராகவும் அமர்ந்தவர்.

தூக்குத் தண்டனை வழக்கு என்றீர்களே, அது என்ன?

1963 முதல் 1966 வரை இந்தோனேசியாவுடன் நமக்கு மோதல் இருந்தது. நம் பெரியவர்கள் கொன்ஃப்ரன்தாசி என்று சொல்வது அதைத்தான். அந்தக் காலத்தில் இந்தோனேசியப் படையினரோடு சேர்ந்துகொண்டதாகப் பிடிபட்ட மலேசிய இளைஞர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மரண தண்டனை பெற்றார்கள். அப்படிப்பட்ட 11 பேருக்காக லிம் நின்றார். சட்டப்படி நடக்க வேண்டியவை நடந்து முடிந்த பிறகும் அவர் விடவில்லை. கருணை மனுவை எடுத்துக்கொண்டார். அந்த 11 பேரும் தூக்கிலிருந்து தப்பினார்கள்.

கருணை மனு எப்படி வேலை செய்கிறது என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். கூட்டரசு அரசியலமைப்பின் 42-ஆவது பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் நடந்த குற்றத்துக்கு மன்னிப்பு வழங்கும் அதிகாரம் அந்த மாநில ஆட்சியாளருக்கு உண்டு. மன்னிப்பு வாரியம் அவருக்கு ஆலோசனை சொல்லும். அங்கே சட்டப் புள்ளிகளை மறுபடி அடுக்குவதால் பயன் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு என்ன வயது, யார் தூண்டி அந்தப் பக்கம் போனார்கள், நாட்டில் சண்டை ஓய்ந்த பிறகு அவர்களைத் தூக்கிலிடுவதால் யாருக்கு நன்மை என்றெல்லாம் எடுத்துச் சொல்ல வேண்டும். மறுத்துவிடும் அதிகாரம் முழுவதையும் கையில் வைத்திருப்பவரிடம், அவருடைய மரியாதை குறையாமல், உங்கள் ஆளுக்கு வேண்டியதைக் கேட்டுப் பெறுகிறீர்கள். நான் எத்தனையோ வழக்குக் கட்டுகளைத் தூக்கிச் சுமந்திருக்கிறேன். இதைவிடக் கடினமான வாதத்தைப் பார்த்ததில்லை.

சரி அக்கா, வக்கீல் வேலைக்கும் தூதர் வேலைக்கும் என்ன சம்பந்தம்?

கருணை மனுவைப் பற்றி மேலே சொன்னதை ஒருமுறை மறுபடி படியுங்கள். தூதரின் வேலையில் பாதி அதுதான். இன்னொரு நாட்டின் தலைநகரில் நம்மிடம் போலீஸ் இல்லை, நீதிமன்றம் இல்லை, உத்தரவு போடும் அதிகாரம் இல்லை. பேசித்தான் பெற வேண்டும்.

இரண்டு வேலையிலும் உங்கள் சொந்தக் கருத்துக்கு இரண்டாம் இடம். வழக்கறிஞருக்குக் கட்சிக்காரர், தூதருக்கு நாடு. எதிர்த்தரப்பு என்ன கேட்கும் என்பதை அவர்கள் வாய் திறக்கும் முன்பே யோசித்து வைத்திருக்க வேண்டும். எழுத்தில் ஒரு சொல் மாறினால் பொருள் மாறும் என்ற பயம் இருவருக்கும் வேண்டும். ஒப்பந்தத்தில் ‘செய்யலாம்’ என்று இருப்பதும் ‘செய்ய வேண்டும்’ என்று இருப்பதும் ஒன்றல்ல. நான் தட்டச்சு செய்த காலத்தில் இந்த ஒரு சொல்லுக்காக இரண்டு வழக்கறிஞர்கள் ஒரு பகல் முழுவதும் வாதிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

வித்தியாசமும் இருக்கிறது. வழக்கில் கடைசியில் ஒரு நீதிபதி தீர்ப்புச் சொல்வார். தூதரகப் பேச்சில் பெரும்பாலும் தீர்ப்பு வராது. நாளைக்கும் அதே ஆட்களோடுதான் உட்கார வேண்டும். வாதத்தில் ஜெயித்துவிட்டு எதிராளியை அவமானப்படுத்தினால் தூதர் தோற்றுவிட்டார்.

அரசாங்கம் தண்டித்தவர்களுக்காக வாதாடியவரை அந்த அரசாங்கமே எப்படித் தூதராக்கியது?

இதைக் கேட்ட மாணவி படிவம் ஆறில் இருந்தாள். அவளுக்கு உடனே பதில் சொல்லாமல், வீட்டுக்குப் போய் யோசித்து மறுவாரம்தான் சொன்னேன். லிம்மின் தம்பி லிம் கியான் சியூ தொழிலாளர் கட்சியின் தலைவர்களில் ஒருவர். டத்தோ கிராமாட் தொகுதியில் எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர். இன்னொரு சகோதரர் லிம் கியான் சை இடதுசாரி வழக்கறிஞர். இப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து ஒருவரை அழைத்துத் தூதராக்குவது எளிய முடிவு அல்ல.

1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பிறகு நாடாளுமன்றம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. 1970 தொடக்கத்தில் துன் அப்துல் ரசாக் தலைமையில் தேசிய ஆலோசனை மன்றம் கூடியது. பல இனங்கள், சமயங்கள், தொழில்களைச் சேர்ந்தவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்த மன்றம் அது. லிம் அதில் உறுப்பினர். அந்த ஆண்டு ஆகஸ்ட் 31-இல்தான் ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாடு அறிவிக்கப்பட்டது. செப்டம்பரில் ரசாக் பிரதமரானார். 1971-இல் லிம் நியூயார்க்குக்குப் போனார். நான் இதைப் புரிந்துகொள்வது இப்படி: மற்ற இனத்தாரும் நம்பிப் பேசக்கூடிய ஆட்கள் நாட்டுக்கு அப்போது அவசரமாகத் தேவைப்பட்டார்கள். யாரும் தொட அஞ்சிய வழக்குகளை நேர்மையாக நடத்தியதே அவருக்கு அந்த நம்பிக்கையைச் சேர்த்துக் கொடுத்திருந்தது.

வெளியிலிருந்து ஆள் எடுப்பது நமக்குப் புதிதும் அல்ல. வாஷிங்டனுக்கும் ஐக்கிய நாடுகள் சபைக்கும் நம் முதல் பிரதிநிதியாகப் போன டாக்டர் இஸ்மாயில் ஒரு மருத்துவர். ஆனால் அந்தக் காலத்தில் ஒரு பெண்ணை அனுப்புவது வேறு கதை. அரசாங்கச் சேவையில் பெண்ணுக்கும் ஆணுக்கும் சமச் சம்பளம் என்ற கொள்கையை அரசாங்கம் ஏற்றதே 1969-இல்தான்.

அவர் தூதராக இருந்தபோது உண்மையில் என்ன வேலை? விருந்துக்குப் போவதுதானா?

விருந்து உண்டு. ஆனால் அவர் இருந்த இடங்களையும் ஆண்டுகளையும் பாருங்கள். 1971 அக்டோபர் 25-இல் ஐக்கிய நாடுகள் சபையில் சீனாவின் இருக்கையைப் பெய்ஜிங் அரசாங்கத்துக்குக் கொடுக்கும் தீர்மானம் நிறைவேறியது. மலேசியா ஆதரித்து வாக்களித்தது. அடுத்த மாதம், நவம்பர் 27-இல், தென்கிழக்காசியா அமைதியும் சுதந்திரமும் நடுநிலையும் கொண்ட மண்டலமாக இருக்க வேண்டும் என்ற பிரகடனம் கோலாலம்பூரில் கையெழுத்தானது. வல்லரசுகள் இரண்டாகப் பிரிந்து நின்ற நேரத்தில் ஒரு சின்ன நாடு இந்தப் பேச்சை எடுத்தால், நியூயார்க்கில் இருக்கும் அதன் பிரதிநிதிகள்தான் ஒவ்வொருவரிடமும் போய் விளக்க வேண்டும்.

யூகோஸ்லாவியாவின் தலைநகர் பெல்கிரேடும் காரணத்தோடு அமைந்த இடம். அணிசேரா நாடுகளின் முதல் உச்சி மாநாடு 1961-இல் அங்கேதான் நடந்தது. மலேசியா அந்த அணியில் சேர்ந்ததோ 1970-இல்தான்.

பெல்ஜியத்தின் தலைநகர் பிரஸ்ஸல்ஸ்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஐரோப்பியச் சமூகத்தோடு பேசுவது என்றால் சுங்க வரி, ஒதுக்கீடு, சந்தை. அந்தக் காலத்தில் நாம் விற்றது ரப்பர், ஈயம், செம்பனை எண்ணெய், மரம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் மரம் வெட்டப்போன நம் பாட்டிகளின் உழைப்புக்கு உலகச் சந்தையில் என்ன விலை கிடைக்கும் என்பதில் அந்த மேசைகளுக்கும் பங்கு இருந்தது. 1980 மார்ச்சில் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானும் ஐரோப்பியச் சமூகமும் கோலாலம்பூரில் ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. இதைச் சொல்லும்போது, தூதர் வேலை நம் வீட்டோடு சம்பந்தம் இல்லாதது என்று நினைத்திருந்த பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்க்கிறேன்.

தூதராக இருந்துகொண்டே அந்த நாட்டில் வழக்கு நடத்திக் கொஞ்சம் சம்பாதிக்கலாமா?

கூடாது. தூதரக உறவுகள் பற்றிய 1961-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் 42-ஆவது விதி, தூதரக அதிகாரி பணிபுரியும் நாட்டில் சொந்த லாபத்துக்காகத் தொழிலோ வியாபாரமோ செய்யக் கூடாது என்கிறது. காரணம் தெளிவு. அதே உடன்படிக்கை தூதரைக் கைது செய்யக் கூடாது என்று பாதுகாப்புக் கொடுக்கிறது. வழக்குப் போட முடியாத ஒருவர் மற்றவர்களோடு பணத் தொழில் செய்தால் யாருக்கு நியாயம் கிடைக்கும்?

பாதுகாப்பு இருப்பதால் தூதர் அந்த நாட்டுச் சட்டத்தை மீறலாமா?

மீறக் கூடாது, மதித்து நடப்பது கடமை என்று 41-ஆவது விதி சொல்கிறது. தப்பு செய்தால் பணிபுரியும் நாடு காரணமே சொல்லாமல் அவரை வேண்டாதவர் என்று அறிவித்துத் திருப்பி அனுப்பலாம். அனுப்புவதற்கு முன்பும் அவர்களுடைய சம்மதம் வேண்டும். நம் மாமன்னரின் நியமனக் கடிதத்தோடு ஒருவர் விமானம் ஏறுகிறார் என்றால், அந்தப் பக்கம் முன்பே தலையசைத்துவிட்டது என்று பொருள்.

இந்தக் காலத்தில் இதே பாதையில் போக என்ன படிக்க வேண்டும்?

முதலில் சட்டப் பட்டம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்டத் துறை 1972-இல் தொடங்கியது. அங்கே பட்டம் பெற்றவருக்குத் தனியாகத் தகுதித் தேர்வு இல்லை. லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிப்பட்டம் போன்றவற்றை இங்கிருந்தே படிப்பவர்கள் சி.எல்.பி. என்ற சட்டத் தொழில் சான்றிதழ்த் தேர்வு எழுத வேண்டும். அதன் பின் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் 9 மாதப் பயிற்சி. அதுவும் முடிந்தால்தான் உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராக ஏற்றுக்கொள்ளப்படுவீர்கள்.

வழக்கறிஞரானால் தானாகத் தூதராகிவிட முடியாது. அரசாங்கத்தின் நிர்வாக, அரசதந்திரச் சேவை என்று ஒன்று இருக்கிறது, எல்லாரும் பி.டி.டி. என்பார்கள். பொதுச் சேவை ஆணையம் நடத்தும் தேர்வும் நேர்முகமும் கடந்து சேர வேண்டும். எந்தத் துறைப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவில் இடம் கிடைத்தவர்களுக்கு, கோலாலம்பூரில் 1991-இல் தொடங்கப்பட்ட அரசதந்திர, வெளியுறவுக் கழகத்தில் பயிற்சி உண்டு. படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழியில் நல்ல தேர்ச்சி இல்லாவிட்டால் இந்தக் கதவு திறக்காது. தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மட்டும் பயந்து மலாயை அலட்சியம் செய்வதை நான் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

நேராக அந்தத் தேர்வு எழுதாமல், சட்டத்தின் வழியாகவே விஸ்மா புத்ராவுக்குப் போனவர் யாராவது உண்டா?

உண்டு, அவரும் பெண்தான்: டத்தோ நூர் ஃபரிடா அரிஃபின். நீதித்துறை, சட்டத்துறைச் சேவையில் சேர்ந்து செஷன்ஸ் நீதிமன்ற நீதிபதி வரை உயர்ந்தவர். பிறகு வெளியுறவுப் பணிக்கு வந்து நெதர்லாந்துக்கான தூதரானார். சர்வதேச நீதிமன்றம் இருக்கும் ஹேக் நகரம் அந்த நாட்டில்தான் இருக்கிறது.

சிப்பாடான், லிகிதான் தீவுகள் யாருக்கு என்று இந்தோனேசியாவோடு நடந்த வழக்கிலும், சிங்கப்பூரோடு நடந்த பத்து பூத்தே தீவு வழக்கிலும் மலேசியாவின் இணை முகவராக, அதாவது நீதிமன்றத்தில் நாட்டின் சார்பாக நிற்பவர்களில் ஒருவராக, அவர் பெயர் இருக்கிறது. முதல் வழக்கில் 2002 டிசம்பரில் 16 நீதிபதிகள் நம் பக்கம், ஒருவர் மட்டும் எதிர்ப்பக்கம். இரண்டாவதில் 2008 மே மாதம் பத்து பூத்தே சிங்கப்பூருக்குப் போனது. நடுப்பாறைகள் நமக்கு வந்தன. லிம்மிடம் வாதத் திறமை மேசைப் பேச்சாக மாறியது. இவரிடமோ தூதரும் வழக்கறிஞரும் ஒரே ஆளாக நின்றார்கள்.

பெண் பிள்ளையைத் தனியாக வெளிநாட்டுக்கு அனுப்புவதா? கல்யாணம், குழந்தை எல்லாம் என்ன ஆவது?

அம்மாக்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பது இது. தனியாக அனுப்புவதில்லை, தூதரகம் என்பது வீடு, சக ஊழியர்கள், பாதுகாப்பு எல்லாம் சேர்ந்த இடம். ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறும். கணவரின் வேலை, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் அதோடு ஆடும். இந்தச் சுமையை ஆண் தூதர்களின் மனைவியர் தலைமுறை தலைமுறையாகச் சுமந்திருக்கிறார்கள். பெண் தூதரின் கணவர் அதைச் சுமப்பாரா என்று கல்யாணத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

வெளிநாட்டில் பிரசவமானால் குழந்தைக்கு மலேசியக் குடியுரிமை உண்டா?

சட்டம் படிக்கும் ஒரு பெண் கேட்டாள். கெட்டிக்காரக் கேள்வி. வெளிநாட்டில் பிறக்கும் குழந்தையின் தகப்பனார் மலேசியக் குடிமகனாக இருந்து, அவர் இங்கே பிறந்தவராகவோ கூட்டரசு அரசாங்கப் பணியில் இருப்பவராகவோ இருந்தால் குழந்தை சட்டப்படியே குடிமகன் ஆகும் என்றுதான் அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணையில் நெடுங்காலம் இருந்தது. ‘தகப்பனார்’ என்ற ஒரே சொல். வெளிநாட்டவரை மணந்த தாய், நாட்டுக்காகவே தூதரகத்தில் உழைத்தாலும், குழந்தைக்காக விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது.

பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று 2001-இல் 8-ஆவது பிரிவில் சேர்த்த பிறகும் அந்தச் சொல் அப்படியே இருந்தது. தாய்மார்கள் நீதிமன்றம் வரை போனார்கள். 2024-இல்தான் நாடாளுமன்றம் திருத்தத்தை நிறைவேற்றித் தாய்க்கும் அந்த உரிமையை ஏற்றது. ‘செய்யலாம்’, ‘செய்ய வேண்டும்’ பற்றி மேலே எழுதியதை ஒரு சொல்லுக்காக இவ்வளவா என்று நினைத்திருந்தால், இந்தத் தாய்மார்களை நினைத்துப் பாருங்கள்.

தூதர் பதவி முடிந்த பிறகு என்ன செய்வார்கள்? ஓய்வுதானா?

லிம் ஓயவில்லை. 1982 முதல் 2000 வரை கோலாலம்பூர் வட்டார நடுவர் தீர்ப்பு மையத்தின் இயக்குநராக இருந்தார். ஆசிய ஆப்பிரிக்கச் சட்ட ஆலோசனை அமைப்பின் ஆதரவில் 1978-இல் தொடங்கிய மையம் அது. வெவ்வேறு நாட்டுக் கம்பெனிகள் சண்டையிட்டால் யாருடைய நீதிமன்றத்துக்குப் போவது? இருவரும் ஒப்புக்கொண்ட நடுவரிடம் போகலாம். அந்தத் தீர்ப்பு மற்ற நாடுகளிலும் செல்ல வேண்டும் அல்லவா? அதற்கான 1958 நியூயார்க் உடன்படிக்கையில் மலேசியா 1985-இல் சேர்ந்தது. சட்டமும் தூதும் தெரிந்த ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. 2018-இல் பெயர் மாறி ஆசிய சர்வதேச நடுவர் தீர்ப்பு மையம் ஆகி, இப்போது கோலாலம்பூர் பழைய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சுலைமான் கட்டடத்தில் இயங்குகிறது. படிக்கிற பிள்ளைகள் இந்தத் துறையையும் கவனியுங்கள்.

எனக்கு இன்னும் படிவம் ஐந்துதான். இப்போதே என்ன செய்யலாம்?

பள்ளி விடுமுறையில் ஒரு வார நாள் காலையில் லைட் ஸ்திரீட் உயர் நீதிமன்றத்துக்குப் போங்கள். வாசல் வளாகத்தில் வழக்கறிஞர் ஜேம்ஸ் லோகனின் நினைவுச் சின்னம் இருக்கிறது. இங்கிருந்த உள்ளூர் மக்களின் உரிமைக்காக வாதாடிய ஐரோப்பியர் அவர். அந்தச் சின்னத்தில் தராசோடு நிற்பவள் ஒரு பெண். பார்த்துவிட்டு உள்ளே போங்கள். பொதுவாக விசாரணை திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கும். யாரும் பின் வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம், கட்டணம் இல்லை.

கட்டி முடிக்காத தலைமுடியும் கையில்லாத சட்டையும் வேண்டாம். கைப்பேசியை அணைத்துவிடுங்கள். நீதிபதி வரும்போதும் எழும்போதும் எழுந்து நில்லுங்கள். ஒரு சிறு குறிப்பேடு எடுத்துப் போய், ஒவ்வொரு வழக்கறிஞரும் எதிராளியின் பேச்சுக்கு எந்தச் சொல்லில் பதில் தொடங்குகிறார் என்பதை மட்டும் எழுதி வாருங்கள். சனிக்கிழமை வகுப்புக்கு அதைக் கொண்டுவந்தால் சேர்ந்து படிப்போம்.